புதுத் துடுப்புக்கு எண்ணெய் போட்டவன்

1

பன்னிரண்டடி நீளத் துடுப்பைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். இங்கிலாந்துக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் இந்தச் சின்ன விஷயம் எனக்கு முன்கூட்டியே தோன்றவில்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல், டிரைவர் கையை விரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். நானும் என் மகள் ரெஜினாவும் துடுப்பை ஆளுக்கொரு முனையாகத் தோளில் வைத்துக்கொண்டு இரண்டு மைல் நடந்தோம். அந்த நடையில் அவள் ஒரு கேள்வி கேட்டாள். அது கேட்கப்படாமல் இருந்திருந்தால் நீங்கள் கேட்ட கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

நம் பங்குக் கோவில் விழா மலருக்கு, “இளைஞர்களுக்கு ஊக்கமூட்டும்படி வெளிநாட்டு அனுபவம்” எழுதி அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். ஊக்கத்துக்கு வேறு யாரையாவது பாருங்கள். என்னிடம் இருப்பது இதுதான்.

என்னை மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பாப்பாரப்பட்டி சந்தைக்கு வண்டி கட்டிக்கொண்டு வருவாரே பெரிய கிணற்றுக்காட்டு ஆரோக்கியம், அவருடைய மகன் அந்தோணிசாமி நான். மனைவி ஸ்டெல்லா நர்ஸ். அவளுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது, நான் பின்னால் வந்தேன். ஐ.டி.ஐ.யில் படித்த மரவேலை கைகொடுத்தது. ஒரு பல்கலைக்கழகத்தின் படகுக் கொட்டகையில் சேர்ந்தேன். பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் செய்ததற்கு அது பொறுப்பில்லை.

ஊருக்கு எழுதிய முதல் கடிதத்தில் “யுனிவர்சிட்டியில் வேலை” என்று மட்டும் எழுதினேன். அடுத்த முறை லீவில் வந்து பாப்பாரப்பட்டியில் பஸ் இறங்கியபோது டீக்கடைக்காரர் எழுந்து நின்று, “வாங்க புரொபசர்” என்றார். நான் திருத்தவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

2

நம்மில் பலர் துடுப்பைப் பார்த்தது ஒகேனக்கல் பரிசலில்தான். நானும் ஒரே ஒருமுறை ஏறினேன், கண்ணை இறுக மூடிக்கொண்டு. இங்கே பல்கலைக்கழக மாணவர்கள் பந்தயம் விடும் படகு வேறு ரகம். அறுபதடி நீளம், இரண்டடி அகலம். எட்டுப் பேர் வரிசையாக, போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஆளுக்கொரு துடுப்பை இரண்டு கையாலும் இழுப்பார்கள். எட்டும் ஒரே சமயம் தண்ணீரில் இறங்கி ஒரே சமயம் வெளியே வர வேண்டும். ஒன்று பிசகினால் படகே நின்றுவிடும்.

இந்தப் பந்தயங்களின் தலையெழுத்தைத் துடுப்பு எத்தனை முறை மாற்றியிருக்கிறது என்று கொட்டகைக்கு வரும் கிழவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தண்ணீரைத் தள்ளும் தட்டை முனை ஒருகாலத்தில் ஒல்லியாக, நீளமாக இருந்ததாம். பிறகு அதை அகலமாக, குட்டையாக ஆக்கினார்கள். ஒரே இழுப்புக்கு முன்னைவிட அதிகத் தண்ணீர் சிக்கியது. பழசையே கட்டிக்கொண்டு அழுத அணிகள் தோற்றன. நான் சேர்ந்தபோது அகல முனைதான், ஆனால் தண்டு மரம். ஒவ்வொரு குளிர்காலத்திலும் அவற்றைச் சுரண்டி, இழைத்து, வார்னிஷ் அடிப்பது என் வேலை. கைப்பிடிக்கு மட்டும் வார்னிஷ் கூடாது, கை வழுக்கும்.

வெறுமனே விடவும் எனக்கு மனசு வரவில்லை. என் அப்பா புது மண்வெட்டிக்குப் பிடி போட்டால், கொட்டமுத்து எண்ணெய், அதாவது விளக்கெண்ணெய் தடவி இரண்டு நாள் வெயிலில் சாய்த்து வைப்பார். மரம் எண்ணெயைக் குடித்துவிடும். அப்புறம் நாள் முழுக்க வெட்டினாலும் கை காய்க்காது. எண்ணெய் போடாத புது ஆயுதத்தோடு யாராவது காட்டுக்குள் கால் வைத்தால் அப்பாவுக்குக் கோபம் வரும். அந்தப் பழக்கத்தில் நானும் துடுப்புகளின் கைப்பிடிக்கு விளக்கெண்ணெய் தடவி அடுப்போரம் வைத்துவிடுவேன். எண்ணெய் கம்பைநல்லூரில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா மரியம்மா ஆட்டிக் கொடுத்தது. வசந்தம் வருவதற்குள் கைப்பிடி உலர்ந்து வழவழவென்று ஆகிவிடும். டோனியின் துடுப்பில் கொப்புளம் வராது என்று மாணவர்கள் சொல்வார்கள். டோனி நான்தான். எப்படி என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இந்த ஊர்க்காரர்கள் பார்வையில் எண்ணெய்ச் சட்டியோடு நிற்கும் பட்டிக்காட்டானாகத் தெரிய எனக்கு விருப்பமில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் கார்பன் துடுப்பு வந்தது. கருப்பு நிறம், உள்ளே வெற்றிடம், தூக்கினால் மரத்தில் பாதி கனம்கூட இல்லாத மாதிரி இருக்கும். மரத்தண்டு இழுத்தவுடன் கொஞ்சம் வளைந்து கொடுத்து, அப்புறம்தான் தள்ளும். இது கை அசைந்த மாத்திரத்தில் தள்ளியது. எதிர் பல்கலைக்கழகம் இரண்டு வருஷம் முன்னாலேயே அதற்கு மாறி எங்களை வரிசையாகத் தோற்கடித்தது. கடைசியில் எங்கள் படகுச் சங்கமும் எட்டு வாங்கியது. அதைச் சுரண்ட வேண்டாம், இழைக்க வேண்டாம், வார்னிஷ் வேண்டாம். செயலாளர் என் தோளில் தட்டி, “டோனி, இனிமேல் உனக்கு ஓய்வுதான்” என்றார். என் வேலையை வருஷத்துக்கு வருஷம் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தட்டலின் அர்த்தம் எனக்குப் புரிந்தது.

3

புதுத் துடுப்புகள் வந்து சேர்ந்தது பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னால். பந்தயத்துக்கு முந்தின நாள் மாலை கொட்டகையில் நான் தனியாக இருந்தேன். எட்டும் சுவரில் சாய்ந்திருந்தன, கைப்பிடியில் நீல ரப்பர் உறை. எண்ணெய் போடாமல் அனுப்ப மனசு கேட்கவில்லை. ரப்பருக்கு எதற்கு எண்ணெய் என்று யோசிக்கும் புத்தி அன்றைக்கு இல்லை. எட்டுக்கும் தடவினேன். ஏழு துடுப்புகளைத் துணியால் அழுத்தித் துடைத்தேன். எட்டாவதாகக் கையில் எடுத்தது ஆறாம் நம்பர் துடுப்பு. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, படகுக்குத் தார்ப்பாய் போட வெளியிலிருந்து கூப்பிட்டார்கள். ஓடினேன். ஆறாம் நம்பரை மறந்தே போனேன்.

ஆறாவது இருக்கை டேவிட்டுடையது. இருபது வயது, அமைதியான பையன். கொட்டகைக்கு வந்தால் முதலில் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உடை மாற்றப் போவான். அவன் அப்பாவும் அதே பல்கலைக்கழகத்துக்காக அதே ஆறாவது இருக்கையில் துடுப்பு போட்டவர். அன்றைக்குக் கரையில் குடையோடு நின்றிருந்தார்.

தூறிக்கொண்டிருந்தது. டேவிட் துடுப்பை வாங்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, உள்ளங்கையைப் பனியனில் தேய்த்தான்.

“டோனி, இது வழுக்குகிறது.”

அந்த நொடியில் எனக்கு விளக்கெண்ணெய் வாசனை வந்தது. எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. துடைக்கும் துணி என் பையிலேயே இருந்தது. “கொடு இங்கே” என்று வாங்கித் துடைத்திருந்தால் அரை நிமிஷ வேலை. ஆனால் சுற்றிலும் ஏழு பையன்கள், பயிற்சியாளர், பின்னால் அவன் அப்பா. இது என்ன, யார் பூசியது, எதற்கு என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் இப்படித்தான் என்று நான் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு வெட்கப்பட்டேன்.

“புது ரப்பர், மழை வேறு. அப்படித்தான் இருக்கும். போகப் போகச் சரியாகிவிடும்” என்றேன்.

அவன் என்னை நம்பினான். துடுப்பு விஷயத்தில் டோனி சொன்னால் எல்லாரும் நம்புவார்கள்.

பாதி தூரம் வரைக்கும் நாங்கள்தான் முன்னால். பிறகு ஆறாம் நம்பர் துடுப்பு தண்ணீருக்குள் சரிந்து மாட்டிக்கொண்டது. இதற்கு இங்கே நண்டு பிடிப்பது என்று பெயர். கைப்பிடி திரும்பி வந்து டேவிட்டின் நெஞ்சில் இடித்து அவனைப் பின்னால் சாய்த்தது. படகு தடுமாறி நின்றேவிட்டது. அவர்கள் மறுபடி இழுக்க ஆரம்பிப்பதற்குள் எதிரணி போயே போய்விட்டது.

படகு கரை சேர்ந்ததும் முதலில் ஓடியவன் நான். டேவிட்டைத் தூக்கவா ஓடினேன்? இல்லை. ஆறாம் நம்பர் துடுப்பை வாங்கி, யாரும் தொடுவதற்கு முன் கைப்பிடியைத் துடைத்தேன்.

4

இந்த நாட்டில் எது நடந்தாலும் ஒரு படிவம் உண்டு. காயம் பட்டதால் அதற்கொரு படிவம் வந்தது. உபகரணப் பொறுப்பாளர் நிரப்ப வேண்டிய பகுதியில் ஒரு கேள்வி: பந்தயத்துக்கு முன் உபகரணத்தில் ஏதேனும் மாற்றம் அல்லது பூச்சு செய்யப்பட்டதா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். எத்தனையோ அரசாங்கப் படிவங்களைத் தப்புத் தப்பாக நிரப்பித் திரும்ப வாங்கியிருக்கிறேன். இதை ஒரே தடவையில் அழகாக நிரப்பினேன். இல்லை.

பிறகு கமிட்டி கூடியது. ஒரு தரப்பு பையன் பிடியை விட்டுவிட்டான் என்றது. இன்னொரு தரப்பு கார்பன் மேல் பழி போட்டது: விறைப்பாக இருக்கிறது, வளைந்து கொடுக்கவில்லை, அதனால் கையை விட்டுப் பறந்துவிட்டது. என்னையும் கூப்பிட்டார்கள். நீ என்ன நினைக்கிறாய் டோனி என்றார் தலைவர். எல்லாரும் மரியாதையோடு என் வாயைப் பார்த்தார்கள்.

“மரம் நாம் சொன்னபடி கேட்கும்” என்றேன்.

அவ்வளவுதான். எட்டுக் கார்பன் துடுப்புகளும் பரணுக்குப் போயின, மரம் திரும்பி வந்தது. சங்கத்தின் பத்திரிகையில் ஒருவர் கார்பன் தண்டு எங்கள் இழுப்பு முறைக்கு ஏன் ஒத்துவராது என்று படம் வரைந்து, அம்புக்குறி எல்லாம் போட்டுக் கட்டுரை எழுதினார். எந்த அம்புக்குறியும் விளக்கெண்ணெயைக் காட்டவில்லை. நாடு முழுக்கப் பல்கலைக்கழகங்கள் கார்பனுக்கு மாறிக்கொண்டிருந்தபோது நாங்கள் மட்டும் இரண்டு வருஷம் மரத்தோடு இறங்கித் தோற்றோம். மரம் திரும்பி வந்ததால் என் வேலை நிரந்தரமானது. ஸ்டெல்லா அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

டேவிட்டை இரண்டாம் அணிக்கு இறக்கினார்கள். சில மாதங்களில் அதிலிருந்தும் நின்றுவிட்டான். அவன் அப்பா ஒருநாள் கொட்டகைக்கு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, “உண்மையைச் சொன்ன ஒரே ஆள் நீதான்” என்றார். “ஆனால் என் காலத்தில் எந்தத் துடுப்பும் என் கையை விட்டுப் போனதில்லை” என்றும் சொன்னார். டேவிட் அவருக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

5

நான்கு வருஷம் கழித்து அந்தோணியார் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தேன். அப்போதிருந்த பங்குச்சாமியார் என்னைவிடப் பத்து வயது சின்னவர், கம்பைநல்லூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. திருவிழாவுக்கு முந்தின நாள் காலை, பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் முழங்கால் போட்டேன்.

“சாமி, ஒரு பையன் பேரக் கெடுத்துட்டேனுங்க.”

“எப்படிங்க?”

“துடுப்புக்கு எண்ணெ போட்டுங்க.”

சாமியார் தடுப்புக்கு இன்னும் கிட்டே காதைக் கொண்டுவந்தார். பிறகு, “மொதல்ல இருந்து சொல்லுங்க” என்றார். சொன்னேன். அறுபதடிப் படகு, எட்டுப் பேர், மரம் வளையும், கார்பன் வளையாது, நண்டு, கமிட்டி எல்லாம் சொன்னேன். பின்னால் வரிசை முனகத் தொடங்கியது என் காதில் விழுந்தது.

“என்னாங்க இது, வெளிநாட்டுக்காரரு இன்னும் எந்திரிக்கவே இல்லியே?”

“அத்தினி வருசத்துப் பாக்கி, சும்மாவா? எறக்கி வெக்க நேரமாவும்.”

சாமியாருக்கு வேறு சந்தேகம். “எண்ணெ போட்டு எத்தினி நாளு வெயில்ல வெச்சீங்க?”

“வெயிலே இல்லீங்க சாமி. அது ரப்பருங்க.”

“ரப்பரு எண்ணெயக் குடிக்காதுங்களே.”

“எங்கப்பா புது மம்புட்டிக்குப் போடுவாருங்க. அந்த நெனப்புல போட்டுட்டேனுங்க.”

“உங்கப்பா மரத்துக்குப் போட்டாருங்க.” அவர் குரலில் சிரிப்பு இருந்த மாதிரி பட்டது. அடுத்த வார்த்தையில் அது இல்லை. “எண்ணெ போட்டது கிறுக்குத்தனம், பாவமில்ல. வழுக்குதுன்னு பையன் கேட்டப்ப என்னா சொன்னீங்க?”

“ரப்பரு அப்படித்தான்னு சொன்னேனுங்க.”

“அப்புறம்?”

“ஃபாரத்துல ஒண்ணும் பூசலன்னு போட்டேனுங்க.”

“அப்புறம்?”

“கமிட்டில மரந்தான் நல்லதுன்னு சொன்னேனுங்க.”

“மூணு தடவ” என்றார். சேவல் கூவுவதற்குள் குருவை மூன்று தடவை தெரியாதென்று சொன்ன சீடரின் கதை எனக்கு ஞாபகம் வந்தது. எனக்கு முகம் எரிந்தது.

“பத்து செபம் குடுத்தா மளமளன்னு சொல்லிட்டு வூட்டுக்குப் போயிருவீங்க. பொருள எடுத்திருந்தா திருப்பிக் குடுக்கச் சொல்லுவேன். நீங்க பேர எடுத்துட்டீங்க. அத அந்தப் பையன் கையிலயே கொண்டு போயி குடுத்துருங்க. அதான் உங்களுக்கு அபராதம்.”

எழுந்து வெளியே வந்தபோது வரிசை மொத்தமும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது. அக்கா என் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

“ஏன்டா தம்பி, ஸ்டெல்லாவுக்குத் தெரியாம அங்க என்னாடா பண்ணிப்புட்ட?”

“துடுப்புக்கு எண்ணெ போட்டேங்க்கா.”

“நான் குடுத்தனுப்புன எண்ணெயா?”

“ஆமாங்க்கா.”

“அது நல்ல எண்ணெடா” என்றாள், ரோஷமாக.

6

திரும்பி வந்தேன். டேவிட்டின் விலாசம் சங்கத்து நோட்டில் இருந்தது. மூன்று மணி நேர ரயில் தூரத்தில் ஒரு ஊரில் பள்ளி ஆசிரியராகிவிட்டான். விலாசத்தை எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். ஒரு வருஷம் அது பர்ஸிலேயே இருந்தது. வேலை, ஸ்டெல்லாவின் நைட் டியூட்டி, ரெஜினாவின் பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாகச் சாக்கு கிடைத்தது. ரெஜினாவுக்கு இப்போது பதினான்கு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அவள் சிநேகிதிகள் முன்னால் நான் ஆங்கிலம் பேசினால் ஷூவைக் குனிந்து பார்ப்பாள்.

இந்த நிலையில் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. பத்து வருஷச் சேவைக்காக எனக்கு ஒரு மரத்துடுப்பு, என் பெயரைத் தங்க எழுத்தில் பொறித்து. ஜெயித்த அணிகளுக்குத்தான் அப்படிக் கொடுப்பது வழக்கம். சனிக்கிழமை பிற்பகல் தேநீர் விருந்து, குடும்பத்தோடு வரவும். ஸ்டெல்லாவுக்கு டியூட்டி, ரெஜினா வேண்டாவெறுப்பாக வந்தாள்.

துடுப்பைக் கையில் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். சரி, இதுதான் சமயம் என்று நினைத்தேன். எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டால் அபராதம் தீர்ந்தது. என் ஆங்கிலத்தில் சொன்னேன். எண்ணெய், ரப்பர், டேவிட், நான் சொன்ன பொய். எண்ணெய் என்றதுமே ஒருவர் சிரித்தார். விளக்கெண்ணெய் என்றதும் கூடமே சிரித்தது. இங்கேயும் குழந்தைகளுக்குப் பேதிக்குக் கொடுப்பார்களாம். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடித்ததும் கைதட்டினார்கள். இத்தனை வருஷத்தில் இதுதான் மிகச் சிறந்த பேச்சு என்றார் ஒருவர். யாருக்கும் கோபமில்லை. தோற்றுத் தோற்றுக் கடைசியில் கார்பன் துடுப்புகளையே பரணிலிருந்து இறக்கியும் வருஷங்களாகிவிட்டன. எனக்கு லேசாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது.

பிறகுதான் பஸ், டிரைவர், இரண்டு மைல் நடை. ரெஜினா பின்முனையைப் பிடித்திருந்தாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. பாலத்தைத் தாண்டியதும், அதிசயமாகத் தமிழில் கேட்டாள்.

“அப்பா, அந்த டேவிட் இன்னைக்கு வந்தாரா?”

“இல்லம்மா.”

“அப்போ ஏன் அவங்ககிட்ட சொன்னீங்க?”

துடுப்பை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன். 

7

அன்றைக்கே டேவிட்டுக்குக் கடிதம் எழுதினேன். ரெஜினா பிழை திருத்தினாள். வரலாம் என்று ஒரு வரி பதில் வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை போனேன்.

வாசலிலேயே சொன்னான், அவன் அப்பாவுக்குக் கடிதத்தைப் போனில் படித்துக் காட்டினானாம். “அவர் என்ன சொன்னார்?” என்று கேட்டேன்.

“எண்ணெயோ தண்ணீரோ, பிடித்திருக்க வேண்டும் என்றார்.”

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தான். டீ கொடுத்தான். நான் கடிதத்தில் எழுதியதையே மறுபடி நேரில் சொன்னேன். துடைக்கும் துணி பையில் இருந்ததையும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை, கத்தவும் இல்லை. தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அணியிலிருந்து போனதுகூட எனக்குப் பெரிதில்லை, டோனி” என்றான். “அதற்கப்புறம் எதைத் தூக்கினாலும் கை விட்டுவிடும் என்று பயம். என் குழந்தை பிறந்தபோது தூக்கிக்கொள்ளச் சொன்னார்கள். முதலில் நான் உட்கார்ந்துகொண்டேன்.”

நான் எடுத்தது பெயரை என்றுதான் சாமியாரும் நினைத்தார், நானும் நினைத்தேன். அவன் கையை அவனே நம்பாமல் போகும்படி செய்திருக்கிறேன். இதைத் திருப்பிக் கொடுக்க எந்த ரயிலில் போவது?

கிளம்பும்போது கை நீட்டினேன். இந்த நாட்டில் பகையாளிகூட நீட்டின கையைப் பிடித்துக் குலுக்கிவிடுவான். டேவிட் என் கையைப் பார்த்தான். “ரயிலுக்கு நேரமாகிறது” என்று மெதுவாகச் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டான். அவன் செய்தது சரி.

துடுப்பு எங்கள் வீட்டு நடையில், பெயர் சுவர்ப்பக்கம் இருக்கும்படி சாய்ந்திருக்கிறது. மலர்க்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். இதை வெளியிட்டால் என் பெயருக்குக் கீழே புரொபசர் என்று போடாதீர்கள். படகுக் கொட்டகை வேலையாள் என்று போடுங்கள். டீக்கடைக்காரருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.